இளவரசியின் குற்றங்கள்

"மாத்துரின், நான் கன்னியாஸ்திரி ஆகப்போறேன்."

"சரிங்கம்மா. எப்ப திரும்பி வருவீங்க?"

"அடி மக்கு! கன்னியாஸ்திரின்னா போனா போனதுதான். உலகத்தப் பொறுத்தவரைக்கும் நான் செத்தவ."

"அப்ப நாய்க்குட்டி?"

"அதுவும் வருது."

"கிளி?"

"கிளி கத்தாம எனக்கு எப்படிடி விடியும்? தலை அலங்காரம் பண்றவன் வாரத்துக்கு ஒருதரம் வந்துட்டுப் போவான். அப்பாகிட்ட சொல்லியாச்சு."

"நல்லதுங்கம்மா. செத்தவங்களுக்கு இவ்வளவு வசதி உண்டுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"ம். நீயும்தான் வர்ற."

நாய், கிளி, தலை அலங்காரக்காரன், அப்புறம் நான். இளவரசி அதெனாயிஸின் வாயிலிருந்து என் வாழ்க்கை அந்த வரிசையில்தான் வந்து விழுந்தது. அவளுடைய தந்தையான டியூக்கின் மாளிகையில், கண்ணாடிகள் பதித்த அறையில், அவள் கொண்டையிலிருந்து ஊசிகளை உருவிக்கொண்டிருந்தேன். ஒரு ஊசி கையை விட்டு நழுவியது. "பார்த்து, பார்த்து" என்றாள். ஊசிக்காகச் சொன்னாள்.

என்னை அவளுடைய பால் சகோதரி என்பார்கள். அவளுக்குப் பால் கொடுக்க என் அம்மாவை அழைத்து வந்தபோது நான் கைக்குழந்தை. விருந்தினர் வந்தால் அதெனாயிஸ் என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "இவ என் பால் சகோதரி" என்பாள். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். ஒரே மார்பில் இரண்டு குழந்தைகள் என்று அவர்கள் கற்பனை செய்துகொள்வார்கள். மார்பு அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டு ஆடு.

அவள் துறவறம் போனதற்குக் கடவுள் காரணமில்லை. வாதநோய் பிடித்து, பல்லெல்லாம் விழுந்த ஒரு சிற்றரசனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க டியூக் முடிவு செய்தார். அவள் பீங்கான் ஜாடிகளை உடைத்தாள். "அப்ப மடத்துக்குப் போ" என்று கத்தினார் டியூக். அன்று மாலை அவள் ஒரு வெள்ளை மேசைவிரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான், தேவ அழைப்பு வந்துவிட்டது.

வல்ஃப்ருவா மடத்தில் அவள் துறவற உறுதிமொழியான வார்த்தைப்பாட்டைக் கொடுத்த நாளை என்னால் மறக்க முடியாது. பலிபீடத்தின் முன் அவள் குப்புறப் படுத்தாள். மேலே கறுப்புச் சவத்துணி போர்த்தினார்கள். சாவுமணி அடித்தது. அரசவைப் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். நானும்தான் அழுதேன், என்னைத்தான் சொல்ல வேண்டும். மாலையில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "துணிக்கு வெளிய என் செருப்பு தெரிஞ்சுதா?"

அடுத்த வருடமே மடத்தின் பழைய தலைவிக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. தனக்கு உடம்பு சரியில்லை என்பது அந்த அம்மாளுக்கே அரண்மனையிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவரை அனுப்பிவிட்டு என் இளவரசியின் கையில் தலைவியின் வெள்ளிச் செங்கோலைக் கொடுத்தார்கள். அவளுடைய பாட்டி வயதுக் கன்னியர்கள் வரிசையில் வந்து மண்டியிட்டு அவள் மோதிரத்தை முத்தமிட்டு, "தாயாரே" என்றார்கள். அவள் மோதிரம் பளபளக்கும் விதமாகக் கையைச் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

நான் கன்னியாஸ்திரி இல்லை. 'ஒப்புக்கொடுத்தவள்' என்று ஒரு வகை உண்டு. மடத்துக்கு உழைக்கிறேன், மடம் சோறு போடும் என்று தலைவியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டால் போதும். மீளவே முடியாத வார்த்தைப்பாடு எங்களுக்குக் கிடையாது. தலைவி வாய் திறந்து "போ" என்று சொன்னால் அந்த நிமிடமே போகலாம். சொல்லாமல் போனால் காவலர்கள் இழுத்து வருவார்கள். கூட்டிப்போனவன் ராஜ குடும்பத்து மடத்தில் பெண் திருடியவன் ஆகிவிடுவான். அவனைக் கைதியாகக் கப்பலில் துடுப்புப் போட அனுப்பிவிடுவார்கள்.

ஆக எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அது அதெனாயிஸின் வாயிலிருந்து வர வேண்டும். அந்த வாய் எப்போதும் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்தது.

முதல் வருடம் அவள் கடுந்தவம் செய்தாள். பலகையில்தான் படுப்பேன் என்றாள். பலகைக்குக் கீழே இறகு மெத்தை போட்டது நான். பிறகு பட்டுப்புழு வளர்ப்பு. மடத்துக் குளிரில் அவை செத்து விழுந்தபோது கன்னியர்கள் கறுப்புத் துணி அணிந்து நிற்க வேண்டியிருந்தது. பிறகு கடைசல் இயந்திரம் வந்தது. தந்தத்தில் குட்டிக் குட்டிப் பெட்டிகள் கடைந்தாள். கோழி சூப்பிலும் தந்தத்தூள் மிதந்தது. ஒருமுறை மரணத்தைத் தியானிப்பதற்காக ஒரு சவப்பெட்டியே வரவழைத்தாள், உள்ளே ஊதா நிற சாட்டின் பதித்தது. சில நாள் அதில் படுத்துப் பார்த்தாள். காற்று அடிக்கிறது என்று எழுந்துவிட்டாள். இப்போது அதில் சர்க்கரைப் பாகில் ஊறிய கஷ்கொட்டைப் பழங்கள் இருக்கின்றன.

இதற்கெல்லாம் நடுவில் எனக்கு அமாபிள் கிடைத்தார்.

அவர் மார்ன் நதியில் சரக்குப் படகு ஓட்டுபவர். விறகு, திராட்சைரசப் பீப்பாய், இறைச்சி கூடாத வெள்ளிக்கிழமைகளுக்கு மீன் என்று மடத்துக்குக் கொண்டுவருவார். மடத்துச் சுவரில் ஒரு மர உருளை உண்டு. வெளியிலிருந்து அதில் பொருளை வைத்துச் சுழற்றினால் உள்ளே வரும். குரல் வரும், முகம் வராது. காலையில் இளவரசிக்குத் தலைவாரி முடித்ததும் உருளையடியில் உட்காருவது என் வேலை. ஒருநாள் உருளை சுழன்றது. ஈரச் சாக்கிலிருந்து ஒரு விலாங்கு துள்ளி என் மடியில் விழுந்தது.

"யாரு கத்துறது? கன்னியாஸ்திரியா, விலாங்கா?" என்றது வெளியே ஒரு குரல்.

"விலாங்கு கத்துமா?"

"அப்ப நீங்கதான். பயப்படாதீங்க, கடிக்காது. எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கும், அவ்வளவுதான்."

"இங்க ஒளிஞ்சுக்க எடமே இல்லைங்க. நானும் தேடிட்டுத்தான் இருக்கேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வரும் நாட்களில் உருளை கொஞ்சம் மெதுவாகவே சுழன்றது. மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார். படகிலேயே ஒரு அறை உண்டு, அடுப்பு உண்டு, மழை பெய்தால் ஒரு மூலையில் மட்டும் ஒழுகும் என்றார். எந்த மூலை என்று கேட்டேன். கட்டில் இல்லாத மூலை என்றார். நான் ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தை எடுத்து வைத்து அனுப்புவேன். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே அவர் இருமலை எனக்குத் தெரியும். கரைக்கு வந்ததும் இரண்டு இருமல் இருமுவார்.

முகத்தைப் பார்த்தது இளவரசியின் புண்ணியத்தில். அவளுக்கு இத்தாலியப் பளிங்கில் ஒரு குளியல் தொட்டி வந்தது. ஆண்கள் கால் வைக்கக்கூடாத மடத்தின் பெருங்கதவு, என் அம்மா கடைசி முறை என்னைப் பார்க்க வந்தபோது ஒரு விரற்கடைகூடத் திறக்காத கதவு, அந்தத் தொட்டிக்காக அகலத் திறந்தது. படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிற்றின் மறுமுனையை நாங்கள் பிடித்தோம். ஒருவர் இரண்டு இருமல் இருமினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. துணைத்தலைவி அன்னை பெலாஜி வீல் என்று கத்தினாள்.

மறுநாள் உருளை வழியாக அவர் சொன்னார்: "நான் நினைச்ச மாதிரி இல்ல."

"எப்படி நினைச்சீங்களாம்?"

"குள்ளமா, குண்டா."

"அப்ப ஏமாத்தந்தானா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

பாரீஸ் போய்த் திரும்பி வரும்வரை யோசித்தார் அந்த மனிதர். நான் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன். திரும்பி வந்து உருளையில் ஒரு கட்டு விறகை வைத்தார். "யோசிச்சாச்சு. ஒழுகாத மூலை ஒண்ணு சும்மாதான் கெடக்கு. வர்றியா?" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஒரு வேண்டுகோளை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நல்ல நேரம் பார்த்தேன். அவள் பெயர் கொண்ட புனிதையின் திருநாளில், புதுப் பட்டுத்துணிகளை மடியில் போட்டு மகிழ்ச்சியாக இருந்தபோது, "தாயாரே, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். "இரு, இந்தப் பச்சை என் முகத்துக்கு எடுக்குதா?" என்றாள். எடுக்கவில்லை என்றேன். அதற்காகவே அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. இன்னொரு நாள் அவள் சவப்பெட்டிக்குள் கண் மூடிக் கிடந்தாள். படுத்திருப்பவள் எழுந்து போக மாட்டாளே என்று பக்கத்தில் மண்டியிட்டு, "தாயாரே, என்னை..." என்றேன்.

"உஷ்! நான் செத்துட்டிருக்கேன்."

காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கால் சில்லுங்குது. செங்கல்லக் காய வெச்சுத் துணியில சுத்திக் கொண்டா" என்றாள்.

என் வாக்கியம் ஒன்றுகூட அவள் காதில் முழுதாக விழுந்ததில்லை. பாதியில் அவளுக்குத் தலைவலி வரும், அல்லது கிளி கத்தும், அல்லது அவளுக்கே ஏதாவது நினைவுக்கு வரும். இப்படி வருடங்கள் ஓடின. அவளுக்கு நரை விழுந்தது. பிடுங்கியது நான்.

தவக்காலம் நெருங்கிய சமயத்தில் அமாபிள் உருளையடியில் நின்று நேராகச் சொன்னார்.

"மொதலாளி படகைக் கீழ்நதிக்கு மாத்திட்டாரு. இனிமே ரூவான் துறைதான் எனக்கு. தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனன்னிக்கு மத்தியான மணி அடிச்சதும் கெளம்பணும். அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

என் கையிலிருந்த ரொட்டி உருளைக்குள் விழுந்தது.

"நான் அவசரப்படுத்தல மாத்துரின். ஆத்துத் தண்ணி அவசரப்படுத்துது. அந்தம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டுட்டேதான் இருக்கேன். அவங்க காதுல விழ மாட்டேங்குது."

"வாயத் தொறந்து கேட்டியா?"

உருளைக்குள் விழுந்த ரொட்டியை நேராக எடுத்து வைத்தேன்.

"மத்தியான மணி அடிக்கிற வரைக்கும் கரையில நிப்பேன்" என்றார். "நீ வரலேன்னா கோவிச்சுக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் ஏத்திக்கவும் மாட்டேன். அத மட்டும் தெரிஞ்சுக்கோ." உருளையைச் சுழற்றி ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதே வாரம் அதெனாயிஸுக்குப் புதுப் பித்து ஒன்று பிடித்தது. தாழ்மை.

எங்கள் மடத்தில் வெள்ளிதோறும் சபை மண்டபத்தில் குற்றக்கூட்டம் நடக்கும். ஒவ்வொரு கன்னியும் மண்டியிட்டுத் தன் தவறுகளைச் சொல்வாள். அவள் மறந்ததை மற்றவர்கள் எழுந்து நின்று எடுத்துச் சொல்வார்கள். குற்றம் சாட்டப்பட்டவள் தரையில் குப்புறக் கிடக்க வேண்டும். மறுத்துப் பேசக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது, எழுந்து போகக்கூடாது. எல்லாம் முடியும்வரை "என் பிழை" என்ற சொல்லைத் தவிர வேறு சொல் அவளுக்குக் கிடையாது. தலைவி மட்டும் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை யாரும் குற்றம் சொல்வதில்லை.

பழங்காலத்துத் தலைவிகள் வருடத்துக்கு ஒருநாள் தாங்களும் தரையில் விழுந்தார்கள் என்று பாரீசிலிருந்து வந்த பிரசங்கி ஒருவர் இவளிடம் சொல்லிவிட்டார்.

"சாம்பல் புதன் காலைல நானும் விழப்போறேன்" என்றாள் அதெனாயிஸ், கண்கள் ஜொலிக்க. "எல்லாரும் வரணும், சமையல்கட்டு ஆளுங்க உட்பட. பயப்படாம என் குத்தத்தச் சொல்லணும். அத்தைக்கும் ஆள் அனுப்பிட்டேன், கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கம் உக்காந்து பார்க்கட்டும்."

அன்னை பெலாஜியின் முகம் வெளுத்தது. ஆனால் காரியக்காரி. மறுநாளே உணவுக்கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துக் குற்றங்களைப் பங்கு பிரித்தாள்.

"அளவுக்கு மீறிப் பட்டினி கெடந்து உடம்பக் கெடுத்துக்கிட்டார். இது யாருக்கு?"

"எனக்கு" என்றாள் சகோதரி உர்சூல்.

"எதுக்கு ஒனக்கு? மெழுகுதிரி ஊர்வலத்துலயும் ஒன்னத்தான முன்னால விட்டாங்க!" என்றாள் சகோதரி தொரொத்தே. "பட்டினி எனக்கு. நான் ஒனக்கு மூத்தவ."

"தாயார் எப்ப பட்டினி கெடந்தாங்க?" என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்.

"வாய மூடு. கெடக்கணும்னு நெனச்சாங்க" என்றாள் பெலாஜி. "தொரொத்தே, நீ மண்டியிட்டே ஜெபம் பண்ணி முழங்கால் காய்ச்சுப்போனத எடுத்துக்கோ."

"முழங்கால எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. கேக்குற எடமா அது? மாத்துரின், தாயார் தன் போர்வையை ஒரு ஏழைக் கிழவிக்குக் குடுத்துட்டுக் குளிர்ல நடுங்கினாங்க. இது ஒனக்கு."

"எந்தப் போர்வைங்க?"

"ஏதோ ஒண்ணு."

"நீலப் பட்டுப் போர்வையா? நாய் அதுல குட்டி போட்டுப் பாழாக்கினதால நாம தூக்கி வெளிய எறிஞ்சமே, அதுவா?"

"அதேதான். அத ஒரு கிழவி எடுத்துட்டுப் போனாள்ல? பொய்யில்ல பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. அவள் தரையில் கிடப்பாள். குறுக்கே பேச முடியாது. எழுந்து போக முடியாது. என் வாக்கியத்தை, வாழ்க்கையில் ஒரு தடவை, அவள் முழுதாகக் கேட்டே ஆக வேண்டும்.

போர்வையை நான் சொல்லப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். உண்மையைச் சொல்லப்போகிறேன். அவள் குடித்த பாலிலிருந்து தொடங்கி அந்தத் தொட்டிவரை. பாத்திரம் துலக்கும்போதும் அவள் சாக்குடையைத் தைக்கும்போதும் ஒவ்வொரு வார்த்தையாகக் கூர் தீட்டி வைத்தேன். ஆமாம், சாக்குடை. தாழ்மைக்காக முரட்டுச் சாக்குத்துணியில் ஓர் அங்கி வேண்டும் என்றாள். பாரீசுத் தையற்காரன் வந்து அளவெடுத்துப் போனான். உள்ளே பட்டு வைத்துத் தைத்தது நான். முழங்கால் படும் இடத்தில் பஞ்சும் வைத்தேன்.

சாம்பல் புதன் காலை அத்தையும் தோழிகளும் களியாட்ட நடனத்திலிருந்து நேராக வந்து இறங்கினார்கள். கன்னச் சிவப்பு சரியாகத் துடைக்கப்படவில்லை. அந்தப் பவுடரின் மேலேயே பாதிரியார் சாம்பலைப் பூசினார். கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விசிறிகளை விரித்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

அதெனாயிஸ் வந்தாள். செங்கோலை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். மண்டபத்தின் நடுவே மெல்ல மண்டியிட்டு, கைகளை விரித்துக் குப்புற விழுந்தாள். அழகாகத்தான் விழுந்தாள். அதற்கும் பழகியிருந்தாள், என் கண் முன்னால், கட்டில் பக்கத்தில், கம்பளத்தின் மேல்.

உர்சூல் எழுந்தாள். "நம் தாயாரைக் குற்றம் சாட்டுகிறேன். அளவுக்கு மீறிப் பட்டினி கிடந்து..."

"என் பிழை" என்றது தரையிலிருந்து தேன் போன்ற குரல்.

தொரொத்தேயின் முழங்கால் வந்தது. இன்னொருத்தி, தாயார் எங்களை அளவுக்கு மீறி நேசிக்கிறார் என்றாள். மற்றொருத்தி, தன் இரத்தத்தின் பெருமையை மறந்து எங்களோடு பேசுகிறார் என்றாள். ஒவ்வொன்றுக்கும் "என் பிழை". கிராதிக்குப் பின்னால் விசிறிகள் நின்றன. கைக்குட்டைகள் வெளியே வந்தன. நான் சன்னல் வழியே வெயிலைப் பார்த்தேன். மண்டபத் தூணின் நிழல் குறுகிக்கொண்டே வந்தது.

அப்போது சகோதரி ரதெகோந்து எழுந்தாள். எண்பதைத் தாண்டிய கிழவி. காது மந்தம் என்று பெலாஜி அவளுக்குக் குற்றம் எதுவும் ஒதுக்கவில்லை. அவளாகவே எழுந்து, பிடித்த தூணை விடாமல், உரக்கப் பேசினாள்.

"குளிர்காலம் பூரா நோயாளிங்க அறையில வெறகு இல்ல. எல்லாம் ஒன் குளியல் தொட்டிக்குத் தண்ணி காய்ச்சியே தீந்துபோச்சு. அங்க படுத்திருந்த நம்ம சகோதரி கொலெத் இருமி இருமியே செத்தா. செத்தப்ப அவ வெரல் நீலமா இருந்துச்சு. நான்தான் குளிப்பாட்டினேன். இதத்தான் குத்தம்னு சொல்றேன்."

பெலாஜி வாயைப் பொத்திக்கொண்டாள். போதும், இது போதும், இப்போது உறைத்திருக்கும் என்று நினைத்தேன்.

தரையிலிருந்து ஒரு விம்மல் எழுந்தது. பிறகு குரல், உடைந்து, நடுங்கி, மண்டபத்தின் கடைசி மூலைவரை கேட்கும்படி:

"என் பிழை! என் பிழை! என் பெரும் பிழை!"

"ஐயோ, எவ்வளவு தாழ்மை!" என்று அத்தை தேம்பினாள். "பாரு, அந்தக் கெழவி சொன்னதக்கூட ஏத்துக்குறாளே!"

"இவ புனிதைதான். சந்தேகமே இல்ல" என்றாள் கொட்டாவி விட்டவள்.

ரதெகோந்து திருதிருவென்று விழித்துவிட்டு உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. செத்துப்போன கொலெத்தை அதெனாயிஸ் எடுத்துத் தன் கழுத்தில் ஒரு முத்தாகக் கோத்துக்கொண்டாள். அன்றைய காட்சியில் அதுதான் உச்சம். இனி நான் தீட்டி வைத்ததை எல்லாம் சொன்னாலும் அதே கதிதான். என் அம்மா, என் பால், மூடிய கதவு, என் இத்தனை வருடம், ஒவ்வொன்றும் "என் பிழை" ஆகி அவள் மேல் மினுங்கும். சாயங்காலம் நான் அந்தச் சாக்கு அங்கியைக் கழற்றும்போது, "நீ சொன்னதுதான்டி ரொம்ப நல்லாருந்துச்சு" என்பாள்.

இவளுக்கு என் கோபத்தைக்கூடக் கொடுக்கக்கூடாது. அதையும் அணிந்துகொள்வாள்.

பெலாஜி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எழுந்தேன். தரையில் கிடந்தவள் முகத்தை லேசாக என் பக்கம் திருப்பினாள். அந்தக் கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. போர்வையைச் சீக்கிரம் சொல்லி முடி, கை மரத்துப்போச்சு என்றது அது. கரைப்பக்கத்திலிருந்து, மூடிய சன்னலையும் தாண்டி, படகுக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"நம் தாயாரை..." என்று வழக்கப்படி ஆரம்பித்தேன். அதற்கு மேல் வழக்கம் எனக்கு வரவில்லை.

"தாயாரே, நான் குத்தம் சொல்ல வரல" என்றேன். "ஒங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன். கரையில ஒருத்தர் நிக்கிறாரு. அவரோட நான் போகணும். இங்க ஒங்க கையப் பிடிச்சுக் குடுத்த சொல்லுலேர்ந்து என்னை விட்டுடுங்க. எல்லாரும் கேக்கட்டும், நான் கேக்குறேன். என்னைப் போன்னு சொல்லுங்க."

கிராதிக்குப் பின்னால் அத்தனை பேரும் பார்த்திருக்க, என் வாக்கியம் முதல் முறையாக அவள் காதில் முழுதாக விழுந்தது.